மூன்று வளவுக்கு ஒரு நிறுத்தம்

நான் கொல்லிமலைக்குப் போனது மலையைப் பார்ப்பதற்காக அல்ல. அங்கே இருக்கும் என் மகளைக் கீழே இறக்கிக் கூட்டிவருவதற்காக.

ஜெசி மலைமேல் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். தூத்துக்குடியில் கடலையும் உப்பளத்தையும் பார்த்து வளர்ந்தவள். அவளுக்குச் சொந்த ஊர்ப் பக்கமாக மாறுதல் வேண்டும் என்று, நான் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பே சென்னையில் ஒரு நண்பருக்குப் போன் செய்துவிட்டேன். மாறுதல் கோப்புகள் போய்வருகிற அலுவலகத்தில் இருப்பவர் அவர். ஜெசியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிள்ளை மலையில் ரொம்பக் கஷ்டப்படுகிறாள்" என்று நண்பரிடம் சொன்னேன். அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லாமல் கஷ்டப்படுகிறவன் நான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் என் கஷ்டத்துக்கு அவள் பெயரை வைத்தேன்.

இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. இனி நான் எதைப் புகழ்ந்தாலும் இது தெரிந்தே வாசியுங்கள்.

காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடித்துவிட்டு பஸ் மலையேறத் தொடங்கியதும், கண்டக்டர் பிளாஸ்டிக் பைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "பை வேணுங்களா ஐயா?" நான் விசைப்படகில் ஆழ்கடல் வரை போய்வந்தவன் என்பதால் வேண்டாம் என்றேன். சில கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் நானே கைநீட்டிக் கேட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, முகரச் சொல்லிக் கொடுத்தார்.

"எந்தூருங்க?"

"தூத்துக்குடி."

"அங்க மலை இருக்குதுங்களா?"

"உப்பைக் குவித்து வைத்திருப்பார்கள். அதுதான் எங்களுக்கு மலை."

"மழை பேஞ்சா கரைஞ்சு போயிருமேங்க!" என்று அவர் சிரித்ததில் முன் இருக்கைக்காரரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பையைக் கையில் பிடித்தபடியே நானும் சிரித்தேன். வீட்டில் சிரித்து எத்தனை நாளாகிறது என்று அப்போதுதான் தோன்றியது.

செம்மேட்டில் ஜெசி குடையோடு நின்றாள். தூறல், மேலே பனிமூட்டம். ஆனி மாதத்தில் ஸ்வெட்டர் போட்ட மகளைப் பார்ப்பது எங்கள் ஊர்க்காரனுக்கு வேடிக்கைதான். "என்னப்பா, முகம் வெளுத்துக் கிடக்கு?" என்று பையை வாங்கிக்கொண்டாள். "ஒண்ணும் இல்ல பிள்ள" என்றேன். வந்த இடத்தில் சொன்ன முதல் பொய் அது.

நான் நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் சாக்கடையைத்தான் தேடும். செம்மேட்டையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். கல்லூரி வந்த பிறகு ஊர் வீங்கத் தொடங்கியிருக்கிறது. ஜெராக்ஸ் கடைகள், பரோட்டாக் கடைகள், செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிற கடை, மாணவிகளுக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகள். இவ்வளவும் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே நான் வியந்தது வேறு. வீடுகள் மேட்டில்தான் ஏறுகின்றன. பள்ளத்தில் இருக்கும் நெல்வயலை ஒருவரும் தூர்க்கவில்லை. ரோட்டோரத்துக் கால்வாய் ரோட்டுக்கு முன்பே வெட்டப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கம் முதலில் வீடு வரும், பிறகு ரோடு வரும், கடைசியில் முழங்கால் தண்ணீர் வரும், அதற்குப் பிறகுதான் கால்வாய்க்கு எங்கள் அலுவலகத்துக்கு மனு வரும்.

ஜெசி குடியிருப்பது கல்லூரிக்கு ஏறும் ரோட்டில், திண்ணனூர் நாட்டைச் சேர்ந்த ஒரு வளவில். நாடு என்றால் இங்கே பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம், வளவு என்றால் சில வீடுகள் சேர்ந்த சிற்றூர். அந்த ரோட்டை ஒட்டி மூன்று வளவுகள்: ரோட்டுக்கு மேலே மேல்வளவு, கீழே கீழ்வளவு, ஓடையைத் தாண்டி ஆத்துவளவு. ஜெசிக்கு வீடு கொடுத்திருப்பவர் கீழ்வளவு நல்லம்மாள். மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். அன்று இரவுச் சாப்பாடு அவர் வீட்டில். சாமைச் சோறு, மிளகு தூக்கலான நாட்டுக்கோழிக் குழம்பு, பலாக்கொட்டைப் பொரியல். மீன் இல்லாமல் சோறு இறங்காத நான் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

"மலையில என்னத்தச் சாப்பிடறாளோன்னு கவலப்பட்டுட்டு வந்திருப்பீங்க" என்றார் நல்லம்மாள். "உங்க பொண்ணு கோழிக்கால எம் மவனுக்குக்கூட விடறதில்லீங்க."

"அம்மா, சும்மா இருங்க!" என்றாள் ஜெசி. அந்த 'அம்மா' எனக்குச் சுருக்கென்றது. தன் தாய் போன பிறகு அவள் யாரையும் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை கல்லூரியைப் பார்க்கக் கிளம்பினோம். பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றோம். பஸ் வந்தது. கை காட்டினோம். ஏற்றத்தில் வேகத்தை விட மனமில்லாமல் டிரைவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். பின்னால் ஓடிய நான் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தேன். ஜெசி தூக்கிவிட்டாள். ஈரவேட்டியோடு கல்லூரிக்கு நடந்தேன். வழியெல்லாம் மாணவிகளும் நடந்துகொண்டிருந்தார்கள், சிலர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"தினமும் இதுதான்ப்பா" என்றாள். "மூணு வளவுக்காரங்களும் அங்கங்க நின்னு கை காட்டுறாங்க. டிரைவர் ஒண்ணுல நிறுத்துவார், ஒண்ணுல விட்டுருவார். ஏத்தம் இல்லையா, எல்லா இடத்துலயும் நிறுத்தி எடுக்க முடியல. டிப்போவுல ஒரே ஒரு ஸ்டாப்பு தாரோம், எந்த இடம்னு நீங்களே பேசிச் சொல்லுங்கன்னுட்டாங்க. ஆத்துவளவுப் பிள்ளைங்க ரெண்டு பேரு மழைக்குப் பயந்து படிப்பையே விட்டுட்டாங்க. நாளைக்குச் சந்தை நாள். நாளைக்குத்தான் முடிவு பண்றாங்க."

"மனு எழுதிக் கொடுத்தார்களா? அளந்தார்களா?"

"சுமந்து பாக்கப் போறாங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. மாலையில் கல்லூரி வாசலில் மூன்று வளவுக்காரர்களும் கூடிப் பேசியபோதுதான் புரிந்தது. ஒரு பொது இடத்தை எங்கே வைப்பது என்பதில் தகராறு வந்தால் இவர்கள் இப்படித்தான் தீர்க்கிறார்களாம். ஒவ்வொரு வளவிலிருந்தும் ஓர் ஆள் சந்தைச் சுமையோடு கிளம்பி ரோட்டில் நடப்பார். எங்கே தாங்காமல் சுமையை இறக்குகிறாரோ அங்கே ஒரு கல். மூன்று கல்லுக்கும் நடுவே உள்ள இடம் பொது இடம். வீட்டிலிருந்து வெகு தூரம் நடந்து இறக்கினால் நிறுத்தம் தள்ளிப் போகும். சீக்கிரம் இறக்கினால் பக்கத்தில் வரும்.

"அப்படியானால் எல்லாரும் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட மாட்டார்களா?" என்று கேட்டேன்.

மேல்வளவுச் சடையன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். ஒல்லியான மனிதர், காதில் கடுக்கன். "அதுக்குத்தானுங்க, எந்த ஊருக்கு எந்த ஆளு சுமக்கறதுன்னு அடுத்த ரெண்டு ஊருதான் சொல்லோணும். மானம் பாக்கற ஆளாப் பாத்துத்தான் சொல்லுவோம். சுமைய மட்டும் அந்தந்த ஊரே கட்டிக்கலாம்."

ஆளை எதிர்த்தரப்பு தேர்ந்தெடுக்கும்; அவர் சீக்கிரம் இறக்கட்டும் என்று சுமையைத் தன் ஊர் கனமாகக் கட்டும். நான் என் வேலைக்காலம் முழுக்கப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியிருக்கிறேன். ஷாமியானா, சமோசா, கடைசியில் ஏற்கெனவே போட்ட கோட்டுக்கே கையெழுத்து. இப்படி ஒரு நேர்த்தியை நான் எங்கும் பார்த்ததில்லை.

மேல்வளவுக்காரர்களும் ஆத்துவளவுக்காரர்களும் சேர்ந்து கீழ்வளவுக்கு நல்லம்மாளின் பெயரைச் சொன்னார்கள். "அந்தம்மா செத்தாலும் சுமைய இறக்காது" என்று ஒரு குரல் வந்தது. மேல்வளவுக்குச் சடையன். ஆத்துவளவுக்கு ஒரு கல்யாண மாப்பிள்ளை. பெண் பார்த்து வைத்திருப்பது மேல்வளவில் என்பதால் அவன் வழியில் இறக்கமாட்டான் என்று கணக்கு.

கல் வைக்கிற ஆள் யார் என்று கேட்டேன். எல்லாரும் ஜெசியைக் காட்டினார்கள்.

"டீச்சரு மூணு ஊரையும் சேராதவங்க" என்றார் சடையன். "எங்கள்ல யாரு கல்லு வெச்சாலும் நாளைக்கு ஒருத்தன் நகத்திருவான். டீச்சரு வெச்சதுன்னா தொட மாட்டான். போன வருசம் ஓடைத் தண்ணிய மூணு ஊருக்கும் குழாய்ல பிரிச்சப்பவும் இவங்கதானுங்க நின்னாங்க. டீச்சரு இங்க இருக்கற வரைக்கும் எங்களுக்குள்ள சண்டை இல்லீங்க."

'இருக்கற வரைக்கும்' என்ற அந்தச் சொல்லோடு நான் வீட்டுக்கு நடந்தேன். மலையில் பல இடத்தில் சிக்னல் கிடையாது. என் போன் செத்துக்கிடந்தது. அது எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தை நாள் காலையில் ரோடு முழுக்க ஆட்கள். மூட்டம் விலகி வெயில் அடித்தது. கீழ்வளவுக்காரர்கள் நல்லம்மாளின் தலையில் இரண்டு பெரிய பலாப்பழங்களைச் சாக்கில் கட்டி ஏற்றினார்கள். மேல்வளவுக்காரர்கள் சடையனுக்கு ஈர மரவள்ளிக் கிழங்கு மூட்டை. மாப்பிள்ளைக்கு இரண்டு வாழைத்தார். மூன்று பேரும் மூன்று பக்கத்திலிருந்து ரோட்டுக்கு வந்து, கல்லூரியைப் பார்த்து நடந்தார்கள்.

"ஏனுங்க மாமா, மூட்டைக்குள்ள கல்லையும் போட்டுக் கட்டிட்டாங்களா?" என்று கீழ்வளவிலிருந்து ஒரு பெண் சடையனைக் கேட்டாள்.

"உங்கூட்டுப் பலாப்பழம் மட்டும் பஞ்சா?" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

"பொண்ணு பாக்குது, இறக்கிராதே!" என்று மாப்பிள்ளையைச் சீண்டினார்கள். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் நடந்தான்.

முதலில் இறக்கியவர் சடையன். இறக்கிவிட்டு, "வயசாயிருச்சு" என்று யாரும் கேட்காமலே சொன்னார். ஜெசி அவர் காலடியில் கல்லை வைத்தாள். பிறகு மாப்பிள்ளை. நல்லம்மாள் இறக்கவில்லை. அவருடைய சொந்த வளவுக்காரர்களே, "போதும் அம்மா, இறக்கு! நம்ம ஸ்டாப்பு தூரமாப் போகுது!" என்று கத்தினார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். ஒரு பெரிய பலாமரத்தடி வந்ததும் ஜெசி எதிரில் போய் நின்று, "அம்மா, எனக்காக இறக்குங்க" என்றாள். அவர் இறக்கினார்.

"என்னைய உட்டிருந்தா சந்தை வரைக்கும் போயிருப்பேன். டீச்சரு கேட்டுச்சு, அதனால இறக்கினேன்" என்றார். ரோடே சிரித்தது.

மூன்று கல்லுக்கும் நடுவாக வந்த இடம் அந்தப் பலாமரத்துக்குச் சற்றுக் கீழே. அது ஒரு வளைவை ஒட்டிய இடம். அங்கே நான் வாயைத் திறந்தேன். "வளைவில் பஸ் நின்றால் பின்னால் வரும் லாரிக்குத் தெரியாது. கொஞ்சம் மேலே, மரத்தடிக்கே போய்விட்டால் டிரைவர் தூரத்திலிருந்தே ஆட்களைப் பார்ப்பார், ஒதுங்கவும் இடம் இருக்கிறது." அவர்கள் என்னையும் மரத்தையும் வளைவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ஐயா சொல்றது சரிதானுங்க" என்றார் சடையன். "நீங்களும் இந்த மூணு ஊரையும் சேராதவரு. நகத்துங்க." மூன்று வளவிலும் யாரும் மறுக்கவில்லை. வரைபடத்தில் நான் போட்ட எந்தக் கோடும் அந்த ஒரு நகர்த்தலைப்போல் என்னை மகிழ்வித்ததில்லை. அந்த மகிழ்ச்சியோடு ஜெசியைப் பார்த்தேன். கல் தூக்கிய மண் படிந்த கையோடு மரத்தடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நிறைவான முகத்தை நான் தூத்துக்குடியில் பார்த்ததில்லை. இந்த இடத்திலிருந்துதான் இவளைத் தூக்க நான் ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

மாலையில் அவள் டீ போட்டுக்கொண்டு வந்ததும் சொன்னேன். சுற்றிவளைக்கவில்லை. போன் செய்ததைச் சொன்னேன், அவள் பெயரில் பொய் சொன்னதைச் சொன்னேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மூணு ஊர்க்காரங்க ஒரு ஸ்டாப்புக்கு இத்தன பேரக் கேட்டாங்க" என்றாள். "நான் எங்க நிக்கணும்னு நீங்க ஒருத்தரக்கூடக் கேக்கலையேப்பா. என்னக்கூடக் கேக்கல."

"தப்புதான் பிள்ள. வீட்டுல தனியா இருக்க முடியல."

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?" அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "கஷ்டப்படுறது நான்னு ஏன் சொன்னீங்க?"

இரவு அவள் சாப்பிடாமல் படுத்தாள். நல்லம்மாள் என் தட்டில் களி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

விடிந்ததும் ஜெசி, "அவங்ககிட்டயும் நீங்களே சொல்லுங்க" என்றாள். நல்லம்மாள் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தத்துக்குக் கூரை போடக் கம்பு கேட்டுச் சடையனும் வந்திருந்தார். இருவரிடமும் சொன்னேன். சொல்லும்போது வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடத்துப் பையனைப்போல.

நல்லம்மாளுக்கு முகம் சிவந்தது. "ஏனுங்க, எங்க ஊருப் புள்ளைங்க திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேல பாக்குதுங்க. நாங்க ஒத்தையில கெடக்கறோம்னு போன் பண்ணியா திருப்பி வரவழைக்கறோம்? படிச்சவங்களுக்குத்தான் போன் போட ஆளு இருக்குதாட்ட."

"சரி உடு" என்றார் சடையன். "பண்ணுன போன திருப்பிப் பண்ண முடியுமா முடியாதா? அதக் கேளு."

சிக்னல் கிடைப்பது மேல்வளவுக்குப் போகிற வழியில் ஒரு பாறைமேல்தான். நான்கு பேரும் ஏறினோம். நல்லம்மாள் முன்னால் போய், என் கையைப் பிடித்து மேலே இழுத்தார். கோபம் இருந்தது, பிடியும் இருந்தது. நண்பரைக் கூப்பிட்டேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னிக்குக் கையெழுத்தாயிரும், கவலப்படாதீங்க!" என்றார் அவர் சந்தோஷமாக.

"வேண்டாம். நான் சொன்னது பொய். அவளைக் கேட்காமல் கேட்டுவிட்டேன்."

"என்ன சார் இது, வெளையாட்டா? உங்களுக்காக எத்தன பேரக் கெஞ்சியிருக்கேன். அந்தப் பொண்ணு வாயால சொல்லட்டும்."

ஜெசி போனை வாங்கினாள். "சார், நான் ஜெசி. எனக்கு மாறுதல் வேண்டாம். நான் கேக்கவே இல்ல. இங்கயே இருக்கேன்."

"மலையிலயா?"

"ஆமா சார். மலையிலதான்."

"சரிம்மா. நிறுத்திடுறேன்" என்றார். பிறகு, "உங்கப்பாவ இனிமே எங்கிட்ட எதுக்கும் வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்று வைத்துவிட்டார். நியாயம்தான். நல்ல நண்பர் ஒருவரை அந்தப் பாறைமேல் இழந்தேன். அவர்மேல் எனக்குக் குறையில்லை.

இறங்கும்போது வழுக்கும் இடங்களில் ஜெசி எனக்கு முன்னால் நின்று நின்று போனாள்.

கிளம்பும் நாளில் புதிய நிறுத்தத்தில்தான் பஸ்ஸுக்கு நின்றோம். பலாமரத்தடியில் நான்கு கம்பும் ஒரு தகரமும்; இடத்தை டிப்போவில் சொல்லியாகிவிட்டது. மாணவிகள் ஒருபக்கமாக ஒதுங்கி நின்றார்கள், செருப்பு காலில் இருந்தது. நல்லம்மாள் ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"என்னால இதத் தூக்க முடியாதும்மா. வீட்டுல நான் ஒருத்தன்தான்."

"அதுக்குத்தான் குடுக்கறது. ஒத்தையில திங்கற பழமா இது? நாலு ஊட்டக் கூப்பிட்டு வெட்டுங்க. புள்ளைய எறக்கறதுக்குப் பதிலா இத எறக்குங்க."

பஸ் தூரத்திலேயே வேகம் குறைத்து வந்து, மரத்தடியில் ஒதுங்கி நின்றது. யாரும் ஓடவில்லை. ஜெசி பழத்தைத் தூக்கி இருக்கைக்கடியில் வைத்தாள். இறங்கும்போது, "கிறிஸ்துமஸ் லீவுக்கு வாரேம்ப்பா" என்றாள். "அதுவரைக்கும் தனியா இருக்க முடியலன்னா எனக்குப் போன் பண்ணுங்க. எனக்கு மட்டும்."

தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தபோது வீடு பூட்டியபடியே இருந்தது. பழம் மட்டும் பஸ் முழுக்க மணந்ததுபோல் கூடத்தையும் மணக்க வைத்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கத்தியை எடுத்துவைத்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுக்காரர்கள் குடிவந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர்கள் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

கதவைத் திறந்த பெண் என் எண்ணெய்க் கையைப் பார்த்துப் பயந்துபோனாள். "என்ன சார், என்ன ஆச்சு?"

"ஒன்றுமில்லை அம்மா. கொல்லிமலையிலிருந்து ஒரு பழம் வந்திருக்கிறது. என்னால் தனியாக வெட்ட முடியவில்லை."